பயந்து செத்தவள்

எங்கள் குடும்பத்தில் ஒரு சாவுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. "அம்முணி பயந்தே செத்துப் போச்சு." அம்மிச்சி இதைச் சொல்லும்போது அழமாட்டாள். முறத்தில் இருக்கும் அரிசியைப் பார்த்துக்கொண்டே சொல்லுவாள். சொல்லி முடித்ததும் கல் பொறுக்குவதைத் தொடர்வாள். அம்முணி என்பது என் அம்மாவின் தங்கை, எனக்குச் சின்னம்மா. 1973ஆம் ஆண்டு சித்திரையில், பத்து வயதில், கொமரலிங்கத்தில் தேள் கொட்டிச் செத்துப்போனவள். படம் இல்லை. பள்ளிக்கூடச் சான்றிதழ் இல்லை. இந்த வாக்கியம் மட்டும்தான் அவளைப் பற்றிய ஆவணம்.

தேள் கொட்டி என்றுகூட அதில் இல்லை என்பதைக் கவனிக்க எனக்கு நாற்பது வயது ஆகவேண்டியிருந்தது.

அரசுப் பலகையில் குமரலிங்கம், எங்கள் வாயில் கொமரலிங்கம். உடுமலை–பழனி சாலைக்குத் தெற்கே, அமராவதிக் கரையில் இருக்கிறது. இன்றைக்குத் திருப்பூர் மாவட்டம். பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டிகள் வந்துபோகிற ஊர். அன்றைக்கு நெல்லும் கரும்பும்தான். அமராவதியின் பழைய ஆயக்கட்டில் எட்டு வாய்க்கால்கள் உண்டு: கல்லாபுரம், ராமகுளம், குமரலிங்கம், கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு. எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது என்பதில் எனக்குச் சின்ன வயதில் பெருமை. அந்த வாய்க்கால் கரையின் கற்களுக்கு இடையில்தான் சின்னம்மாவைத் தேள் கொட்டியது.

ஏன் அங்கே போனாள்? வெளிக்கிப் போனாள். வீட்டில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் எந்நேரமும் போகலாம்; பெண்கள் விடியும் முன்பு, அல்லது பொழுது இறங்கி இருட்டின பிறகு. தேளுக்கும் அதே நேரக் கணக்குதான். பகலெல்லாம் கல்லடியில் கிடந்துவிட்டு இருட்டினால் வெளியே வரும். பெண்களையும் தேள்களையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு அனுப்பி வைத்தது யார் என்ற கேள்வி அம்மிச்சியின் வாக்கியத்துக்குள் வரவே இல்லை.

அன்று இரவு அவள் தனியாகப் போயிருந்தாள். தனியாகப் போகக் கூடாது என்பது விதி. அதனால் வந்ததும் யாரிடமும் சொல்லாமல் படுத்துக்கொண்டாள் என்பார்கள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல என்று நாம் சொல்வோமே, அந்தத் திருடன் வாய்விட்டுக் கத்த முடியாதவன். எங்கள் ஊரில் அந்தப் பழமொழி பத்து வயதுப் பெண்ணுக்கும் பொருந்தியது. நள்ளிரவில் பாவாடை நனைந்துபோகும் அளவுக்கு வியர்வை. வாந்தி. கை கால் ஐஸாட்டம் சில்லிட்டது. நெஞ்சு அடித்துக்கொள்வது வெளியே தெரிந்தது. மந்திரிக்கிறவர் வந்தார், வேப்பிலை அடித்தார். விடியற்காலையில் வண்டி பூட்டி உடுமலைக்குக் கிளம்பினார்கள். வாயில் நுரை தள்ளிற்று. வழியிலேயே முடிந்துவிட்டது.

வியர்வை, படபடப்பு, சில்லிட்ட கைகால். அம்மிச்சிக்குத் தெரிந்த உலகில் இவற்றுக்கு ஒரே பெயர்தான்: பயம்.

இந்தக் கதையை ஒருமுறை எங்கள் கல்லூரி ஆசிரியர் ஓய்வறையில் சொன்னேன். விலங்கியல் துறைத் தோழி ஒருத்தி டிபன் டப்பாவை மூடிவிட்டு, "செந்தேளா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, "அவ பயந்து சாகல. அது கந்தகப் பாலம் செஞ்ச வேலை" என்றாள். நான் தமிழ் படித்தவள். கந்தகம் என்றால் தீக்குச்சி, சித்த மருந்து, அவ்வளவுதான் எனக்கு. பாலம் என்றால் கொழுமம் போகிற வழியில் ஆற்றுப் பாலம். அன்றிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவளிடம் பாடம் கேட்டேன். அந்தப் பாடத்தின் வரலாறுதான் இந்தக் கட்டுரை. சின்னம்மாவின் சாவுக்கு வேறொரு வாக்கியம் எழுத எனக்கு அது தேவைப்பட்டது.

பாலத்திலிருந்து தொடங்குகிறேன். புரதங்கள் அமினோ அமிலங்களைக் கோத்த மணிச்சரங்கள். சிஸ்டீன் என்ற மணியில் ஒரு கந்தக அணு இருக்கும். சரம் மடியும்போது இரண்டு சிஸ்டீன்கள் பக்கத்தில் வந்தால் அவற்றின் கந்தக அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இதற்கு டைசல்பைடு பிணைப்பு என்று பெயர். தோழியின் சொல்லில் கந்தகப் பாலம். என் மாணவிகளுக்கு இதைச் சொல்லப் பாடநூல் தேவைப்படவில்லை, பியூட்டி பார்லர் போதும். முடியின் உறுதி கெரட்டின் புரதத்தில் இருக்கும் இந்தப் பாலங்களால் வருவது. மருந்து போட்டு முடியை நீவும்போது முதல் மருந்து பாலங்களை உடைக்கிறது, இரண்டாவது மருந்து புதிய வடிவத்தில் மறுபடி பூட்டுகிறது. முடி கருகினால் வரும் நாற்றமும் கந்தகத்தினுடையதே. திருப்பூர்ப் பருத்தியில் இந்தப் பாலம் கிடையாது, அது செல்லுலோஸ், கம்பளியில் உண்டு. சரத்தைக் குறுக்கே இழுத்துக் கட்டுகிற முடிச்சு அது என்று புரிந்துகொண்டால் போதும்.

இனி வாய்க்கால். நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் ஒரு கொழுப்புச் சவ்வு மூடியிருக்கிறது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்ற மின்னூட்டம் கொண்ட அயனிகள் அதைக் கடக்க முடியாது. கடப்பதற்குப் புரதத்தாலான நுண் துளைகள் உண்டு. அயனி வாய்க்கால் என்று தமிழில் எழுதுகிறார்கள். நான் வாய்க்கால் கரையில் வளர்ந்தவள் என்பதால் இந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒரு மடையைப் பற்றி எங்கள் ஊரில் கேட்கிற கேள்விகள்தான் இங்கேயும். எவ்வளவு விடும்? இது கடத்துதிறன். எதை விடும், எதை விடாது? இது தெரிவுத்திறன். எப்போது திறக்கும், எப்போது அடைக்கும்? மூன்றாவது கேள்வியில்தான் எங்கள் ஊரில் அடிதடி நடக்கும். உடம்பிலும் அப்படியே.

தெரிவுத்திறன் வியப்பான சங்கதி. சோடியம் அயனி பொட்டாசியம் அயனியைவிடச் சிறியது. ஆனாலும் பொட்டாசிய வாய்க்கால் பெரியதை விட்டுச் சிறியதைத் தடுக்கிறது. குறைந்தது பத்தாயிரம் மடங்கு பாகுபாடு. இத்தனை கறாராக இருந்துகொண்டே வினாடிக்குப் பத்துக் கோடி அயனிகள் வரை விடவும் செய்கிறது. எப்படி என்பதை 1998இல் ராடரிக் மக்கின்னனின் குழு ஒரு பாக்டீரிய வாய்க்காலின் வடிவத்தை எடுத்துக் காட்டியது. 2003இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வாய்க்காலின் நடுவில் 12 ஆங்ஸ்ட்ராம் நீளத்துக்கு ஓர் இடுக்கு. அதன் சுவரில் ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்துக்கு அளவெடுத்தது போல நிற்கின்றன. பொட்டாசியம் தன்னைச் சுற்றியுள்ள நீரை உதறிவிட்டு அந்த ஆக்சிஜன்களின் அணைப்பில் நகரலாம். சோடியம் சிறியது, அந்த அணைப்பு அதற்குத் தொளதொளப்பு. நீரை உதறுவது அதற்குக் கட்டுப்படியாகாது.

கந்தகப் பாலங்கள் பெரும்பாலும் இந்த இடுக்கில் இருப்பதில்லை. எதை விடுவது என்பதை இடுக்கு பார்த்துக்கொள்ளும். பாலங்கள் இருப்பது செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாசல் பகுதியில், கதவுச் சட்டத்தில், துணைப் புரதங்களின் வளையங்களில். செல்லின் உட்புறச் சூழலில் இந்தப் பாலம் நிலைப்பது அரிது, வெளியில்தான் நிற்கும். எவ்வளவு, எப்போது என்ற கேள்விகளில் அவற்றுக்குப் பங்கு உண்டு. இதை முதலில் காட்டியவர்களில் ஒரு பெண் இருக்கிறார்.

1966. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் கார்லினும் ஈவா பார்ட்டெல்சும் மின்விலாங்கின் மின்னுறுப்பிலிருந்து எடுத்த செல்லை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் அழைப்புக்குத் திறக்கும் வாய்க்கால் அந்தச் செல்லில் உண்டு. நம் தசைகளை அசைப்பதும் அதே வகைதான். அவர்கள் டைதயோதிரைட்டால் என்ற மருந்தை ஊற்றினார்கள். அது கந்தகப் பாலங்களை உடைப்பது. அழைப்புக்குச் செல் காட்டிய மறுமொழி மங்கியது. பிறகு பாலத்தை மறுபடி கட்டும் மருந்தை ஊற்றினார்கள். மறுமொழி திரும்பியது. வாய்க்கால் எப்படி இருக்கும் என்று யாரும் கண்ணால் பார்த்திராத காலம் அது. பார்க்காத கதவில் தாழ்ப்பாள் எந்தப் பொருளால் ஆனது என்று தொட்டுச் சொன்னார்கள். பின்னாளில் இடமும் தெரிந்தது: ஏற்பியின் ஆல்பா அலகில் 192, 193 என்று அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சிஸ்டீன்கள். பக்கத்துப் பக்கத்து மணிகள் தமக்குள் பாலம் போட்டுக்கொள்வது அபூர்வம். நல்ல பாம்பின் நஞ்சு வந்து அமர்வதும் அந்த வட்டாரத்தில்தான். அந்த நஞ்சும் கந்தகப் பாலங்களால் மூன்று விரல் வடிவில் இறுக்கிக் கட்டப்பட்ட ஒரு புரதமே.

1987இல் ஈக்களிடமிருந்து ஷேக்கர் என்ற பொட்டாசிய வாய்க்காலின் மரபணுவைப் பிரித்தெடுத்தபோது ஆய்வுக் கட்டுரையின் முதல் பெயர் டயான் பப்பாசியன், கடைசிப் பெயர் லில்லி ஜான். இரண்டு பேரும் பெண்கள். பப்பாசியன் பிறகு தன் சொந்த ஆய்வகத்தில் இந்த வாய்க்காலின் சிஸ்டீன்களை ஒவ்வொன்றாக விசாரித்தார். இனம் இனமாக மாறாமல் காக்கப்பட்டு வந்த சில சிஸ்டீன்கள் தமக்குள் பாலம் போட்டிருக்கலாம் என்று நினைக்க இடமிருந்தது. போடவில்லை என்று 1995இல் அவரது குழு எழுதியது. இல்லை என்று நிறுவும் ஆய்வுகளுக்குப் புகழ் குறைவு. எனக்கு அது பிடித்திருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாலேயே கைகோத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வது குடும்ப வரலாற்றிலும் நடக்கிற பிழைதானே.

இனித் தேளுக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் பெரிய கருந்தேளைப் பார்த்துத்தான் பயப்படுவோம். நட்டுவாக்காலி என்றால் குழந்தைகள் ஓடுவார்கள். உண்மையில் ஆளைக் கொல்லக்கூடியது சிறிய, செம்பழுப்பு நிறச் செந்தேள். அதன் அறிவியல் பெயரைத் தோழி எழுதிக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது: ஹாட்டென்டாட்டா டாமுலஸ். டாமுலஸ் என்றால் தமிழ். 1716இல் சீகன்பால்கு ஹாலே நகரில் அச்சிட்ட தமிழ் இலக்கணத்தின் லத்தீன் பெயர் 'கிராமட்டிகா டாமுலிகா', அதே சொல்தான். 1798இல் டேனிஷ் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் இந்தத் தேளுக்கு அதைச் சூட்டினார். தரங்கம்பாடி அப்போது டேனியர் கையில் இருந்தது. என் மொழியின் பெயர் லத்தீனில் ஓர் இலக்கண நூலுக்கும் ஒரு தேளுக்கும் வாய்த்திருக்கிறது.

சிரிப்பு முதல் சொல்லில் நின்றுவிட்டது. ஹாட்டென்டாட் என்பது தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் மக்களை டச்சுக் குடியேறிகள் இழித்து அழைத்த சொல். அந்தச் சொல்லோடுதான் சாரா பார்ட்மன் என்ற பெண்ணை 1810இல் லண்டனில் காட்சிப் பொருளாக நிறுத்தினார்கள். 1815இல் பாரிசில் அவர் இறந்ததும் உடலை அறுத்து அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அவரது எச்சங்கள் தாய்மண்ணுக்குத் திரும்பி அடக்கமானது 2002இல். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2007இல், வகைப்பாட்டியல் காரணங்களுக்காக நம் செந்தேளை அந்தப் பெயர் கொண்ட பேரினத்துக்கு மாற்றினார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பெயர்கள் அப்படித்தான் வந்து சேர்கின்றன.

இன்னொரு பெயரையும் சொல்லிவிடுகிறேன். வேறொரு தேளின் நஞ்சிலிருந்து 1985இல் கிறிஸ்டோபர் மில்லரும் உடன் இருந்தவர்களும் ஒரு பொருளைக் கண்டார்கள். பொட்டாசிய வாய்க்காலின் வாயை அடைக்கும் நஞ்சு. அதற்கு வைத்த பெயர் சாரிப்டோடாக்சின். சாரிப்டிஸ் கிரேக்கக் கதையில் கப்பல்களை விழுங்கும் கடல் அரக்கி. நஞ்சுக்குப் பெயர் தேடும்போது பெண் அரக்கி சட்டென்று கைக்கு வந்துவிடுகிறாள்.

செந்தேளின் கொடுக்கில் இருப்பது ஒரு நஞ்சு அல்ல, பல சிறு புரதங்களின் கலவை. முக்கியமானவை இரண்டு குடும்பம். சோடியம் வாய்க்காலைப் பிடிப்பவை நீளமானவை, அறுபது எழுபது அமினோ அமிலங்கள், நான்கு கந்தகப் பாலங்கள். பொட்டாசிய வாய்க்காலை அடைப்பவை குட்டையானவை, முப்பதிலிருந்து நாற்பது, பெரும்பாலும் மூன்று பாலங்கள். இத்தனை சின்னச் சரத்துக்கு இத்தனை முடிச்சு. அதனால் அது கூழாங்கல்லைப் போல வடிவம் மாறாமல் இருக்கிறது. உடலின் நொதிகளால் எளிதில் அறுக்க முடிவதில்லை. பாலங்களை உடைத்துவிட்டால் சரம் குலைந்து நஞ்சு நஞ்சாக இராது. வாய்க்காலில் துல்லியமான இடத்தில் துல்லியமான முனை போய்ப் பொருந்த வேண்டும். அந்த முனையை நகராமல் பிடித்து நிறுத்துவது முடிச்சு.

எவ்வளவு துல்லியம் என்பதற்கு ஒரு காட்சி. சாரிப்டோடாக்சின் ஒரு பொட்டாசிய வாய்க்காலின் மேல் அமர்ந்திருக்கும் நிலையை 2013இல் மக்கின்னன் ஆய்வகம் படம் பிடித்தது. அனிர்பன் பானர்ஜி முதல் ஆசிரியர். இரண்டாவது ஆலிஸ் லீ, மக்கின்னனின் மனைவி, அதே ஆய்வகத்தின் ஆய்வாளர். நஞ்சின் 27ஆவது இடத்தில் உள்ள லைசின் தன் கையை நீட்டித் தெரிவு இடுக்கின் வாயில் செருகியிருந்தது. பொட்டாசியம் நிற்கவேண்டிய இடத்தில் அது நின்றது. காவலாளிக்குத் தெரிந்த முகமாக வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதைப் போல. தெரிவுத்திறனை நஞ்சு உடைக்கவில்லை, பயன்படுத்திக்கொண்டது.

நம் செந்தேளிடமிருந்தே 1990இல் அமெரிக்காவின் மெர்க் ஆய்வகத்தில் இபீரியோடாக்சின் பிரிக்கப்பட்டது. 37 அமினோ அமிலங்கள், மூன்று பாலங்கள். முதல் பெயர் அந்தோனியோ கால்வெஸ், கடைசிப் பெயர் மரியா கார்சியா. அரக்கியின் பெயர் கொண்ட நஞ்சு பல வாய்க்கால்களை அடைக்கும். இது ஒன்றை மட்டும் தேடிப்போய் அடைக்கும். கால்சியத்தின் அழைப்புக்குத் திறக்கும் பெருங்கடத்துதிறன் பொட்டாசிய வாய்க்கால். பி.கே. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். பொட்டாசிய வாய்க்கால்களில் மிக அகலமாகப் பாய்வது அது. அப்படி ஒன்றை மட்டும் அடைக்கும் கருவி கிடைத்ததால் எந்தத் தசையில் அது என்ன செய்கிறது என்று கேட்க முடிந்தது. கருப்பைத் தசையிலும் கேட்டார்கள். 1993இல் வந்த ஓர் ஆய்வில் மனிதக் கருப்பைத் தசையில் இபீரியோடாக்சின் இட்டபோது சுருக்கங்கள் கூடின. ஆக, பிள்ளை வயிற்றில் இருக்கும் மாதங்களில் கருப்பையை அமைதியாக வைத்திருக்கும் பொறுப்பில் இந்த வாய்க்காலுக்குப் பங்கு உண்டு என்று எண்ண வழி பிறந்தது. லிகியா டோரோ, பார்பரா சான்பார்ன் என்ற பெண்கள் இந்த ஆய்வில் இருந்தார்கள். 2003இல் லிங்கிலின் குழு இன்னொன்று கண்டது. பி.கே. வாய்க்காலோடு ஒட்டியிருக்கும் பீட்டா3 துணை அலகின் வெளிவளையங்களைக் கந்தகப் பாலங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த வளையங்கள் வெளிவாசலில் ஒரு கதவு போல இருந்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றன. பாலத்தை உடைத்தால் அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது.

சின்னம்மாவைக் கொன்றது இந்தக் குட்டை நஞ்சு அல்ல, பெரும்பாலும் அந்த நீளமான குடும்பம். நரம்பில் செய்தி ஓடுவது என்றால் சோடியம் வாய்க்கால் திறக்கவேண்டும். திறந்து ஆயிரத்தில் ஓரிரு பங்கு வினாடிக்குள் தானாக அடைபடவும் வேண்டும். தேளின் ஆல்பா நஞ்சுகள் அந்த அடைப்பைத் தாமதப்படுத்துகின்றன. மடை திறந்தபடியே நிற்கிறது. ஒரு செய்தி போகவேண்டிய இடத்தில் சரம் சரமாகச் செய்திகள் போகின்றன. உடல் முழுக்கத் தானியங்கு நரம்புகள் கூச்சலிடுகின்றன. அட்ரினலினும் நார் அட்ரினலினும் வெள்ளமாகக் கொட்டுகின்றன. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. அதனால் கை கால் சில்லிடுகிறது. இதயம் தறிகெட்டு அடித்து அடித்துத் தளர்கிறது. நுரையீரலில் நீர் கோக்கிறது. வாயில் நுரை வருவது அதனால்தான்.

அட்ரினலின் பயத்தின் வேதிப்பொருள். புலியைப் பார்த்தால் சுரப்பது. நஞ்சு புலி இல்லாமலே அதைச் சுரக்க வைக்கிறது. வியர்வையும் படபடப்பும் குளிர்ந்த விரல்களும் பயத்தின் அடையாளங்கள்தான். அம்மிச்சி அதைச் சரியாகவே பார்த்தாள். அவள் பார்த்தது அடையாளத்தை, காரணத்தை அல்ல. பத்து வயதுப் பெண் குழந்தை, இருட்டில் தனியாகப் போனவள், சொல்லாமல் மறைத்தவள். பயந்திருப்பாள் என்று நினைக்க எல்லாம் தயாராக இருந்தது.

இதை எழுதும்போது மஹாட் நினைவுக்கு வருகிறது. மகாராஷ்டிரத்தின் கொங்கண் பகுதி. 1976இல் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் என்ற இளம் மருத்துவர் அங்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். அதே ஆண்டு ஜெர்மனியில் நேயரும் சாக்மனும் ஒற்றை வாய்க்காலின் மின்னோட்டத்தை முதன்முதலாகப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கொங்கணில் செந்தேள் கொட்டிய குழந்தைகள் நுரை தள்ளிச் செத்துக்கொண்டிருந்தன. பாவஸ்கர் படுக்கையருகிலேயே உட்கார்ந்து குறிப்பு எடுத்தார். 1982இல் லான்செட் இதழில் முன்னறிகுறிகளை எழுதினார். பிறகு பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். அது நஞ்சை முறிப்பதில்லை. இறுகிய ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, புயலின் கையைக் கட்டிவிடுகிறது. தீவிரமாகப் பாதிக்கப்பட்டவர்களில் 40 விழுக்காடு வரை இருந்த இறப்பு 1 விழுக்காட்டின் அருகே இறங்கியது. 2011இல் பி.எம்.ஜே. இதழில் தேள் நஞ்சுமுறியையும் பிரசோசினையும் சேர்த்துக் கொடுத்தால் விரைவில் குணமாகிறது என்று 70 நோயாளிகளிடம் செய்த ஆய்வு வெளியானது. ஆசிரியர்கள் இருவர்: ஹெச்.எஸ். பாவஸ்கர், பி.ஹெச். பாவஸ்கர். இரண்டாமவர் பிரமோதினி பாவஸ்கர், மருத்துவர், அவரது மனைவி. பல ஆய்வுகளில் இருவர் பெயரும் இருக்கும். 2022இல் பத்மஸ்ரீ ஹிம்மத்ராவுக்குக் கிடைத்தது. அவர் தகுதியானவர், அதில் எனக்கு ஐயம் இல்லை. முதலெழுத்துகளில் மறைந்திருந்த பிரமோதினி என்ற பெயரைத் தேடி விரித்து எழுதும்போது மட்டும் என் கை கொஞ்சம் அழுத்தி எழுதுகிறது.

அந்த முன்னறிகுறிப் பட்டியலைத் தோழி படித்துக் காட்டினாள். வாந்தி, அதிக வியர்வை, குளிர்ந்த கைகால். ஆண்களாக இருந்தால் குறி விறைத்து நிற்பது. கடைசியில் சொன்னது ஆண் குழந்தைகளுக்கு வந்தால் யாரும் பயம் என்று சொல்லமாட்டார்கள். உடம்புக்குள் ஏதோ விபரீதம் என்று எழுத்தறியாத தாய்க்கும் தெரிந்துவிடும். பெண் குழந்தைக்கு அந்த அடையாளம் இல்லை. அவளிடம் மிஞ்சுவது எல்லாம் பயம் என்று வாசிக்கத்தக்கவை. இது மருத்துவ இதழில் உள்ள கருத்து அல்ல, பட்டியலைப் படித்த எனக்குத் தோன்றியது. ஆனால் வகுப்பில் இதைச் சொன்னபோது பின்வரிசை மாணவி ஒருத்தி, வாரத்தில் மூன்று நாள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவள், "எங்களுக்கு எது வந்தாலும் அப்படித்தானுங் மேடம்" என்றாள். மயங்கி விழுந்தால் சாப்பிடாமல் வந்திருப்பாள், மூச்சு வாங்கினால் டென்ஷன், நெஞ்சு வலித்தால் வீட்டுப் பிரச்சினை. அவள் பட்டியல் நீண்டது. மணி அடித்துவிட்டது.

தேள் கொட்டிய எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். பெரும்பாலோருக்கு வலியோடு போய்விடும். குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம், உடல் சிறியது. குழந்தையைத் தேள் கொட்டி, வாந்தியும் வியர்வையும் சில்லிட்ட கைகாலும் தெரிந்தால் வேப்பிலைக்கும் மந்திரத்துக்கும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்.

சென்ற தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். கந்தகம், பாலம், மடை, அட்ரினலின். சின்னம்மா பயந்து சாகவில்லை என்றேன்.

அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை. "அவ எங்க பயந்தா" என்றாள். "வந்ததும் எங்கிட்டச் சொன்னா. தேளு கொட்டிருச்சுக்கா, எரியுதுன்னா. அம்மாவுக்குத் தெரிஞ்சா அடி விழும், விடிஞ்சு சொல்லிக்கலாம் படுடீன்னு நாந்தான் சொன்னேன்."

ஐம்பது ஆண்டுகளாக இது எனக்குத் தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு அப்போது பதின்மூன்று வயது.

1973இல் அந்த மாத்திரையைத் தேளுக்குக் கொடுக்க உலகத்தில் யாருக்கும் தெரியாது, அன்றைக்கே சொல்லியிருந்தாலும் உடுமலையில் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றேன். இரண்டு முறை சொன்னேன். அம்மா காய்களை முறத்தில் ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்ப இருக்கா அந்த மாத்திரை, இங்க?"

"இருக்கும்மா."

"என்ன வெலை?"